தன் பிரிவு உபசார விழாவுக்குத் தானே செய்த ஸ்லைடு

அடைக்கலராஜுக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. எழுதச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஆனால் திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைக்கு அவர் செய்த ஸ்லைடில், தவளையின் இதயத்தைத் தொட்டால் ரத்தம் ஓடும், வயிற்றைத் தொட்டால் குடல் வெளியே வரும். எதைக் கிளிக் செய்தால் எது அசைய வேண்டும் என்பதை அனிமேஷன் பட்டியலிலேயே சொல்லிவிடலாம் என்று தட்டித் தடவிக் கற்றுக்கொண்ட ஆய்வக உதவியாளர் அவர். கைதட்டல் மட்டும் துறைத்தலைவர் ரெங்கராஜ் சாருக்கு. தவளைக்கு இதயம் வைத்ததே தாம்தான் என்பது போல அதை வாங்கிக்கொள்வார்.

மனைவி ரோசரியும் நம்பவில்லை. "சார் பண்ணுவாரு, நீங்க பிளக்கு மாட்டுவீங்க. என்கிட்டயே கதையா?" என்பாள். இந்த ஒரு பேச்சுதான் அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஓய்வு பெறும் மாதம் வந்தது. ரெங்கராஜ் சார் கூப்பிட்டார். "உங்க பிரிவு உபசார விழாவுக்கு ஸ்லைடு போடணும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? நீங்களே பண்ணிடுங்க. நீங்க பண்ணதுன்னு மேடையிலயே சொல்லிடறேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. ரோசரி காதில் அது விழுமே என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஸ்லைடில் பத்துப் புகைப்படம். எதைத் தொட்டாலும் அதன் கதை விரியும். படமில்லாத வெற்றிடத்தில் தொட்டால் கடைசி 'நன்றி' ஸ்லைடுக்குத் தாவாதபடி பூட்டியும் வைத்தார். "எங்க தட்டினாலும் போகணும்ங்க, குறி பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்று சார் அந்தப் பூட்டைக் கழற்ற வைத்தார்.

விழாவன்று ரோசரி கே.கே. நகரிலிருந்து பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சார் மவுஸைப் பிடித்தார். வெற்றிடத்தில் தட்டினார். திரையில் 'நன்றி' வந்தது. கூட்டமும் கைதட்டிவிட்டது.

"அடைக்கலராஜ், கொஞ்சம் வாங்க!"

பொன்னாடையோடு எழுந்துபோய், ஓரமாகக் குனிந்து நின்று, படம் படமாகத் தொட்டார். சார் கதை சொன்னார். கூட்டம் சிரித்தது, கலங்கியது. சாருக்கே கண்ணீர் வந்துவிட்டது. அந்த உருக்கத்தில் சொல்ல வேண்டிய ஒரு வரி மறந்து போயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் ரோசரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்னமோ நெனச்சேங்க. அவ்ளோ பெரிய மனுசன் உங்களுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டு இதைப் பண்ணியிருக்காரு!"

உண்மை அவருக்கு வாய் வரை வந்தது. ஆனால் ரோசரி அவரை இவ்வளவு பெருமையாகப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

"ஆமா, தங்கமான மனுசன்," என்றார்.