பிடியரிசி

காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற அம்மா அவர். கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கீறல்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமை அது கோயில் காணிக்கைப் பானைக்குப் போகும்.

வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியக் குழு ஒன்று அவருடைய ஊருக்கு வந்து அரிசி மூட்டைகள் கொடுத்தது. நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மூட்டையை வாங்கிய அம்மா என்னைக் கேட்டார்.

"ஐயா, இவங்க ஊர்ல இல்லாதப்பட்டவங்க கீறாங்களா?"

குழுத் தலைவியிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "உண்டு, ரோட்டில் படுப்பவர்கள்கூட உண்டு" என்றார்.

"ஐயோ பாவம்!"

அம்மா அங்கேயே மூட்டையைப் பிரித்தார். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, ஒரு பிடி அள்ளி நீட்டினார். "இத்த அவங்களுக்கு எட்த்துக்கினு போங்க. ஸ்தோத்திரம்."

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று சிரித்த தலைவி, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார். வேன் திண்டிவனத்துக்குக் கிளம்பியது. அந்த அரிசியை நானாவது வாங்கியிருக்கலாம்.

அந்தப் போட்டோ இப்போது அவர்களுடைய நன்கொடை கேட்கும் அட்டையில் இருக்கிறது. மூட்டைக்குப் பக்கத்தில் அம்மா கை நீட்டி நிற்கிறார். கையிலிருக்கும் அரிசி அதில் தெரியவில்லை. பார்க்கிற எவரும் "ஐயோ பாவம்" என்றுதான் சொல்வார்கள்.