மழைக்கு இறக்கி வைத்த அடீனியம்

கேரள எல்லையில், பாறசாலை பக்கம் கொல்லயிலில் வானம் இருட்டினால் ஆட்கள் முற்றத்துக்கு ஓடுகிறார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாத செடிகளைச் சட்டியோடு தூக்கி இறவாரத்துக்குள் வைக்கிறார்கள். முன்பெல்லாம் நானும் ஓடுவேன், திண்டில் நனையாமல் இருக்கும் என் சட்டிகளை முற்றத்தில் இறக்கி வைக்க. "அண்ணாச்சிக்கு வட்டாக்கும்" என்று பக்கத்து வீட்டு ஷீலா சொல்லிச் சிரிப்பது மதிலைத் தாண்டிக் கேட்கும். வட்டு என்றால் கிறுக்கு. நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் செய்தது புரியும். அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் செடிக்குப் பகிர்ந்து ஊற்றி வளர்ந்த ஆட்கள் நாங்கள். அத்திபூத்தாற்போல் மழை வந்தால் வாளி, அண்டா, பூச்சட்டி எல்லாமே தெருவுக்கு வந்துவிடும். கடைகளுக்குக் கடலைமிட்டாய் போடுகிற வேலையாக நான் குடும்பத்தோடு இந்தப் பக்கம் கிளம்பியபோது, அக்கா தன் அடீனியத்தை மடியில் வைத்துக் கொடுத்தாள். அடி பருத்த, ரோஸ் நிறத்தில் பூக்கிற செடி. "நீ போற ஊர்ல மழைக்குப் பஞ்சமில்லடா. இதுக்கு இனிமே நல்ல காலந்தான்" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊருக்குப் போவதைப் புலம்பெயர்வு என்றால் துபாய்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மழையின் அர்த்தமே மாறிப்போகிற ஊர் வேறு தேசம்தான்.

போன வருடம் அக்கா இறந்துவிட்டாள். அதன்பிறகு காலையில் அந்தச் செடியிடம்தான் முதலில் போய் நிற்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளிடம் பேசுவது மாதிரி பேசவும் செய்வேன்.

அவளுடைய தலைத்திதிக்கு நானும் மனைவியும் ஊருக்குப் போனோம். இங்கே இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். போகும்முன் எல்லாச் சட்டிகளையும் முற்றத்தில் இறக்கி வைத்தேன். அடீனியத்தை நடுவில், ஒரு சொட்டுகூட வீணாகாதபடி அடியில் தட்டு கொடுத்து வைத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், குரோட்டன்ஸ், பிகோனியா, எல்லாச் சட்டிகளும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. அடீனியம் இருந்த சட்டி காலி.

மதிலருகே போய், "ஏம்மா, என் செடிய யாரு பிடுங்கினது?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"நானாக்கும். சட்டியில வெள்ளம் கெட்டி நிக்கப்பிடாதுன்னு மத்ததை எல்லாம் சரிச்சு வச்சேன். இது மட்டும் அடி அழுகிப்போச்சு. உள்ள வாருங்கோ, காட்டித் தாறேன்."

"ஒரு போன் போட்டிருக்கலாமே."

"அக்காக்க காரியத்துக்குப் போன ஆளை, செடி அழுகுதுன்னு எப்பிடி விளிக்க?"

நான் அவள் பின்னால் போனேன். அவளுடைய அடுக்களைப் பின்புறம், ஓட்டுக்குக் கீழே, அடீனியம் தலைகீழாகக் கயிற்றில் தொங்கியது. பருத்த அடியில் பாதியைக் காணோம். வெட்டிய இடத்தில் மஞ்சள் பூசியிருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் அக்காவும் நல்லது என்று நினைத்த மழையே அதைத் தின்றிருக்கிறது.

"பாதி போச்சு அண்ணாச்சி" என்றாள் ஷீலா. "பாதி உண்டு. நல்லா உணங்கட்டும், நான் நட்டுத் தாறேன்."

சொன்னபடியே காய்ந்ததும் மணலும் ஓட்டுத்துண்டும் கலந்து நட்டுக் கொடுத்தாள். சாய்ந்த மாதிரிதான் நிற்கிறது, ஆனால் தளிர்த்துவிட்டது. இப்போது இருட்டிக்கொண்டு வந்தால் நானும் ஊராரைப்போல் சட்டியை இறவாரத்துக்குள் இழுக்கிறேன். இழுத்தபிறகு மனசு கேட்பதில்லை. ஒரு கிளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சட்டியைத் திருப்பி வைக்கிறேன்.

நேற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஷீலா கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒரு கொம்பு நனையுது பாருங்கோ."

"தெரியும்மா. அது மட்டும் நனையட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சட்டிக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.