போக் எம்போங்கின் அந்தி மாத்திரை

எங்கள் மலாய்க் கடற்கரை ஊரான மாராங்கில் இன்றைக்குக் கார் ஓட்டுகிற முக்கால்வாசிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர் போக் எம்போங். 'போக்' எங்கள் பக்கத்தில் பெரியவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல். பள்ளி பஸ் ஓட்டினார். எந்த வீட்டுப் பிள்ளை வாந்தி எடுக்கும், எந்த வீட்டுப் பிள்ளை அழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் இப்போது ஹாரன் அடித்து, "போக்!" என்று கத்திவிட்டுப் பறந்துவிடுவார்கள். ஒருத்தனும் நிற்பதில்லை. நன்றி கெட்டதுகள் என்று நான் திட்டுவேன். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கார் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

மனைவி மெக் ஜோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஜொகூரில் இருக்கிறான், போனில் மட்டும் பேசுவான். பக்கத்து வீட்டுக்காரன் நான் ஒருத்தன் எட்டிப் பார்ப்பேன். மற்றபடி அவருக்குத் துணை ஒரு ரேடியோவும் சர்க்கரை வியாதியும்தான். தனியாகச் சாப்பிடும்போது தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கமாட்டார்.

நோன்பு மாதம் வந்தால் ஆளே மாறிவிடுவார். அந்தியில் பள்ளிவாசல் பாயில், தூணுக்குப் பக்கத்தில், எனக்கு இடப்பக்கம் அவர் இடம். ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர். கஞ்சி, பேரீச்சம்பழம், ரோஸ் சிரப். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அவர் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்காகவே மற்ற மாதங்களைத் தள்ளினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

நோன்புக்கு முன்னால் கிளினிக்கில் மருந்து வாங்க நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். மருந்து கொடுக்கிற ஹிடாயுவும் அவர் பஸ்ஸில் வந்த பிள்ளைதான்.

"போக், நோன்பு வைக்கப் போறீங்களா? வைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மாத்திரையை மாத்தணும்."

"எனக்கென்ன பைத்தியமா? சர்க்கரைக்காரன் நோன்பு வைப்பானா?"

வாய் கூசாமல் சொன்னார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன போக், அந்தப் பிள்ளைகிட்ட இப்படிப் புளுகிட்டு வர்றீங்க?"

"உண்மையச் சொன்னா வைக்காதேம்பா. போன வருஷம் நம்ம தட்டுல உக்காந்த பாக்காருக்கு அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் அவனைப் பாய்ல பாத்தியா நீ?"

பார்க்கவில்லைதான். நோயாளி நோன்பை விட்டால் எங்கள் ஊரில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நோன்பு திறக்கும் அந்திப் பாங்கு சொன்னதும் எல்லார் கையும் பழத்துக்குப் போகும்போது, பகலில் சாப்பிட்டவனுக்குக் கை நீட்டக் கூசும். அவனே ஒதுங்கிக்கொள்வான்.

போன வருஷம் காலை மாத்திரை ஒன்று. இந்த வருஷம் சர்க்கரை ஏறியதால் இரண்டாக்கியிருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு, அந்திச் சாப்பாட்டோடு ஒன்று. போக் தானே கணக்குப் போட்டார். காலைச் சாப்பாடு என்றால் இப்போது விடியுமுன் சாப்பிடும் சஹர்தானே! எங்கள் ஊரில் பாதிப்பேர் போடும் கணக்கு அது. சஹரிலோ அவர் தனி. பாதி வாழைப்பழம், ஒரு டீ, அவ்வளவுதான். சர்க்கரையை இறக்குகிற மாத்திரை உள்ளே வேலை செய்கிறது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. மதியம் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும்.

"ஒரு நாள் விடுங்களேன், போக்" என்றேன்.

"நோன்புன்னா கஷ்டம் இருக்கத்தான்டா செய்யும், அவாங். அந்திக்குச் சரியாயிடும்."

ஒரு நாள் அந்தியில் தூணுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.  எழுந்து அவர் வீட்டுக்கு ஓடினேன். சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். கைலி வியர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏறு, ஏறு, மணி அடிச்சிரும்" என்றார்.

அலமாரியில் சிரப் பாட்டில் இருந்தது. தண்ணீரில் திக்காகக் கலந்து உதட்டருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த நிலையிலும், "பாங்கு சொல்லியாச்சா?" என்றார்.

"சொல்லியாச்சு, குடிங்க."

குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. என் பெயரைச் சொன்னார். அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மாத்திரை உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாமாம். விஷயம் கேட்டு வந்த ஹிடாயு கட்டிலருகே நின்று பொரிந்து தள்ளினாள்.

"சீட்டை விட்டு எந்திரிக்காதேன்னு எங்களை அந்த அதட்டு அதட்டுவீங்களே, போக்! இப்ப நீங்க பண்ணினது என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சு, நேரத்தை மாத்தி, வைக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருப்பேனே. இனி இந்த வருஷம் நோன்பே கூடாதுன்னுட்டார்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

எந்தப் பாய்க்காகப் பொய் சொன்னாரோ, அந்தப் பாய் அந்தப் பொய்யாலேயே போயிற்று.

"அந்தி மாத்திரை?" என்று மட்டும் கேட்டார்.

"டாக்டர் மாத்தி எழுதியிருக்கார். அதையும் சாப்பாட்டோடதான் போடணும்."

அவர் வீடு திரும்பிய அன்று, நோயாளிக்குத் தடையில்லை, கஞ்சிக்கு வரச் சொல் என்று இமாம் சொன்னதை அவரிடம் சொன்னேன். வருகிறேன் என்றார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தூக்கில் கஞ்சியோடு போனேன். ஜன்னல் வழியே பார்த்தால், சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிட்டவர்தான், காத்திருக்க ஒரு அவசியமும் இல்லை. உள்ளங்கையில் மாத்திரை. பாங்கு ஒலித்தது. ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போடுகிற அந்த நொடியில், "பிஸ்மில்லா" என்று சொல்லி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

 உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாய்ல நான் இல்லேன்னு யாராவது கேட்டாங்களாடா?"

யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாளே ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

"எல்லாரும் கேட்டாங்க, போக்" என்றேன், பாங்கு சொல்லியாச்சு என்று சொன்ன அதே வாயால்.