செல்லு பொழச்சிக்கிச்சு!

மின்கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மனித செல்களை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் சோதனை முடியும் முன்பே செத்துத் தொலையும். இன்று கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டன!

திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் வரும்போது போனில் தோழியிடம் கத்தினேன். "செல்லு எல்லாம் உயிரோட கீதுடி!"

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அக்கா தன் மொபைலை நீட்டினார். "என் செல்லும் காலைலேர்ந்து செத்துக் கெடக்குதும்மா. கடைக்காரன் கைவிரிச்சுட்டான். நீ பொழைக்க வெய்யேன்."

விளக்கவா முடியும்? பவர் பட்டனை விடாமல் அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது.

"கைராசிக்காரப் பொண்ணு!" என்று அக்கா கூவ, ஆட்டோவே கைதட்டியது.

செத்த செல் வைத்திருப்பவர்கள் கமெண்டுக்கு வரலாம். எந்தச் செல் என்று மட்டும் தெளிவாக எழுதுங்கள்.