ஒருத்தர் குறையுது

இன்றைக்கு இந்த வண்டியை எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாது.

மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் சாவியைத் திருகினேன். ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றும் தெரியாது. ஆனால் அதன்பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். கனவு கண்டிருப்பாய் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது பட்டப்பகல். ஆகஸ்ட் மாதம். அரிசோனா வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

எல்வுட் என் பெரியம்மா மகன். எங்கள் நவஹோ பழங்குடி வழக்கில் அது கூடப்பிறந்த அண்ணன்தான். அவனுடைய சுற்றுலா வண்டிக்கு ஓட்டுநரும் நான்தான், வழிகாட்டியும் நான்தான். வறண்ட ஆற்று மணலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு சிவப்புப் பாறைப் பிளவுக்குள் அரைமணி நேரம் நடத்திக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு பேர் போனால் பன்னிரண்டு பேர் வர வேண்டும். வேலையே அதுதான். அதை விட்டால் குளிர்காலத்துக்கு என் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்று எனக்குப் புதுப் பாதை. ஒரு வருடம் மூடிக் கிடந்த பிளவை அந்த வாரம்தான் எல்வுட் திறந்திருந்தான். நானும் ஜூனில்தான் ஃபீனிக்ஸிலிருந்து ஊர் திரும்பியிருந்தேன்.

"முன்னாடி இங்க யாருண்ணா ஓட்டினது?"

"ஒரு பொண்ணு. வேலைய விட்டுட்டா."

"ஏன்?"

"ஆடு எண்ணத் தெரியும்ல உனக்கு? போய் ஆளை எண்ணு. கிளம்பு."

டிக்கெட் கொடுக்கும் அவன் மனைவி வெனிட்டா என்னைக் கிண்டல் செய்யாமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. அன்று தலையே நிமிர்த்தவில்லை.

11:20-க்குக் கிளம்பினோம். 11:32-க்குப் பிளவின் வாசல். பன்னிரண்டு பேரையும் எண்ணி உள்ளே அனுப்பினேன்.

உள்ளே குளிர்ந்தது. அது வழக்கம்தான். ஆனால் ஈர மணல் வாசனை... மூன்று வாரமாக அங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

11:48. மேலே இருக்கும் இடுக்கு வழியாக வெயில் ஒரு தூண் போல இறங்கியது. படம் எடுப்பவர்களுக்காக அதில் மணலை அள்ளி வீசுவோம். தூசி பறந்தால் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். வீசினேன்.

மணல் விழுந்தது. ஒரு இடத்தில் மட்டும் நேராக விழவில்லை. யாருடைய தோளிலோ பட்டது போல இரண்டு பக்கமும் வழிந்தது...

"பிரமாதம்! இன்னொரு தடவை போடுங்க!" என்றார் ஒருவர்.

நான் போடவில்லை.

"எல்லாரும் திரும்புங்க. இப்பவே."

"அரைமணி நேரம்னு சொன்னீங்களே?"

"வெளிய வந்து திட்டுங்க. நடங்க."

12:01. வெளியே நிறுத்தி எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஒருத்தர் குறையுது." எல்வுட்டின் குரல். "உள்ள போய்ப் பாரு."

நான் எண்ணியது அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஆடு எண்ணவே தெரியாதா உனக்கு? போ உள்ள."

எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆறு வயதிலிருந்து ஆடு எண்ணியவள் நான். அவன் முகத்துக்கு நேரே நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கோபம்தான் என்னை உள்ளே தள்ளியது.

ஓர் அடி வைத்தேன்.

இரண்டு.

மூன்று...

யாரோ என் கையைப் பிடித்தார்கள். வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த நரைத்த தலை அம்மாள்.

"எங்கம்மா போற? நாங்க பன்னிரண்டு பேரும் இங்கதானே நிக்கிறோம்?"

எண்ணினேன்.

பன்னிரண்டு.

உள்ளே... தண்ணீர்.

சளக்.

சளக்.

யாரோ தண்ணீரில் நடந்து வந்தார்கள்.

12:24-க்கு அலுவலகத்தில் எல்வுட் முன்னால் நின்றேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

"வாக்கி-டாக்கில ஏன் கூப்பிட்ட?"

"நானா? என்னோடது காலையிலேருந்து சார்ஜ்ல கிடக்கு." மேசையைக் காட்டினான்.

"என்ன சொல்லிச்சு?" என்றாள் வெனிட்டா.

சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளே சொன்னாள்.

"போன ஆகஸ்ட்ல அந்தப் பொண்ணு பன்னிரண்டு பேரையும் வெளிய கொண்டு வந்துட்டா. இவர் பட்டியல்ல பதிமூணு இருந்துச்சு. ஒரு ஆள் வண்டியிலேயே ஏறல. இவர் அந்தப் பேரை அடிக்க மறந்துட்டார். இங்கேருந்து கூப்பிட்டு உனக்குக் கேட்டதத்தான் சொன்னார். ஒரு வார்த்தை மாறல. உள்ள போனா. எங்கயோ பெஞ்ச மழைத் தண்ணி திடீர்னு வெள்ளமா உள்ள வந்துச்சு. இன்னும் உடம்பு கிடைக்கல."

எங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் அவர்கள் போகமாட்டார்கள். இறந்த இடத்திலும் கால் வைக்கமாட்டோம். அதனால்தான் ஊரில் ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. இறந்தவர்களுக்கு நாங்கள் தரும் அந்த மரியாதைக்குப் பின்னால் எல்வுட் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தான். ஒரு வருடம் முழுவதும்.

 

"1:40 வண்டிக்கு ஆளுங்க நிக்கிறாங்க" என்றான், ஜன்னலைப் பார்த்தபடியே. "இத விட்டா உனக்கு அடுத்த சீசன், மார்ச் வரைக்கும் வேலை கிடையாது. கிளம்பு, தங்கச்சி."

வெளியே தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாகப் பன்னிரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டேண்ணா" என்றேன், மெதுவாக.