பயமுறுத்தும் சட்டை

அத்தை பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம்தான், பார்த்தவுடன் வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு சீருடை வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். அத்தை சினிமாக்களுக்குத் துணி தைப்பவள்.

படம் ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்தது. ஆட்களைச் சத்தமில்லாமல் அழைத்துப்போய்விடும் ஓர் அரசாங்கத்தின் கதை. பாதி ஊர் படித்திருந்தது. மீதி ஊர் படித்ததாகச் சொல்லிக்கொண்டது. வெளிவந்தபோது மிகை என்று ஒதுக்கிய விமர்சகர்களே பிற்பாடு தீர்க்கதரிசனம் என்றார்கள். முதல் தடவை படமானபோது தியேட்டரில் சிரிப்பு. காவலர்கள் பேண்டு வாத்தியக்காரர்கள் போலிருந்தார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதியது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அந்த நாவலைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தேன். அந்த விமர்சனங்களை அத்தைக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

நிஜப் போலீஸ் உடுப்பு மாதிரி இருந்தால் வம்பு என்று பயந்து, எங்கும் இல்லாத ஒன்றை அவள் யோசித்தாள். கழுத்துப்பட்டை உயரம்; போட்டவன் உடம்போடுதான் திரும்ப முடியும். பொத்தான் எதுவும் வெளியே தெரியாது.

"பிடிச்சு இழுக்க நம்ம கைக்கு ஒண்ணும் அகப்படக் கூடாதுடி. அதான் பயம்."

இந்த முறை விமர்சகர்கள் நடிப்பில் ஆயிரம் குறை கண்டார்கள். உடையில் ஒன்றுகூட இல்லை.

படம் ஓடி முடிந்த பிறகு தையலறைக்கு ஓர் அதிகாரி வந்தார். புதிதாக ஒரு காவல் பிரிவு தொடங்குகிறார்களாம். மேலிடத்தில் படம் பார்த்தார்களாம். அதே சட்டை வேண்டுமாம். அது சினிமாக் கம்பெனியின் சொத்து என்று அத்தை இழுத்தாள். பேசியாகிவிட்டது என்றார். கண் சரியாகத் தெரிவதில்லை என்றாள். அவள் விரலிடுக்கில் நூல் கோத்த ஊசி இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

மாதிரிக்குத் தனக்கே ஒன்று தைக்கச் சொல்லிக் கழுத்தைக் காட்டினார். அத்தை அளவு நாடாவை அவர் கழுத்தில் சுற்றினாள்.

"கூசுதும்மா," என்று சிரித்தார்.

அவர் போனதும் அத்தை கதவைத் தாழிட்டாள்.

"தைக்கலைன்னா என்ன பண்ணுவாங்கடி? நீ படிச்சவதானே."

நாவலில் ஒருவன் அரசாங்கம் சொன்னதைச் செய்ய மறுக்கிறான் என்றேன். அவன் கோழையா வீரனா என்று விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே என் படிப்பு எனக்கே கூச்சமாக இருந்தது.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"புத்தகத்துல சொல்லலை, அத்தை."

"எழுதறவங்களுக்கென்ன, சொல்லாம விட்டுடலாம்."

துணியை மேஜையில் விரித்தாள். கழுத்துப்பட்டையைக் கொஞ்சம் தாழ்த்தித் தைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அளந்து பார்ப்பான்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கத்திரிக்கோல் நேராகப் போவதற்காகத் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.