பெட்ரோல் குடித்த வாள்

இன்று காலை, இந்த மலையாள நகரத்தின் ஸ்ரீவராகம் பகுதியில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு மாமரத்தை வெட்ட ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்காரரின் மகள் ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து போனில் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்: கார் நிறுத்த இடம் வேண்டும். வருஷத்தில் பத்து நாள் வந்து நிற்கப்போகிற காருக்காக மரம் போகிறது. வந்தவர்கள் இரண்டு பேர். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. கையில் பெரிய மெஷின் ரம்பம். மழை விட்ட ஈரத்தில் ஒருவர் அதன் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். காப்பி டம்ளரோடு நின்றிருந்த எனக்கு அந்த வாசனை வந்தது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்து, எரியாமல் கிடக்கும்போது வருகிற பச்சை வாசனை. எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிட்டது.

“அண்ணாச்சி, சோக்கை எடுத்துட்டு இழுங்க” என்று கத்தலாமென வாய்வரை வந்தது. கத்தவில்லை. மாடியிலிருந்து யோசனை சொல்லும் ஐம்பது வயது ஆசாமிகளை எனக்கே பிடிக்காது. தவிர, இந்த ஒரு விஷயத்தில் யோசனை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஏனென்று உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. ஒரு பல்லி உண்டு, அதற்கும் என் கதைகள் அலுத்துவிட்டன.

முப்பது வருஷத்துக்கு முன் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஸ்டோர் கிளார்க். இலக்கியத்தில் பட்டம் வாங்கியவனுக்கு மண்வெட்டிகளைக் காவல் காக்கும் உத்தியோகம். அந்தக் குளிரில் தீப்பெட்டி பற்றாது, துண்டு காயாது, புத்தகங்களின் அட்டை தானாக வளைந்து எழுந்து நிற்கும். மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் நானும் அதை விரட்டவில்லை.

அறையில் இன்னொரு கட்டில் ஞானதாஸுடையது. பாறசாலைக்காரன், என் வயதுதான். காற்றில் சாயும் சில்வர் ஓக் மரங்களை அறுப்பது அவன் வேலை. அவனுடைய ரம்பம் ஆள் தோளில் ஏறினால் ஆளைக் கோணலாக்கும் கனம். மலையாளத்தில் ரம்பத்துக்கு வாள் என்று பெயர். நம் தமிழிலோ ரம்பம் என்றால் என்னைப் போலப் பேசுகிறவர்களையும் குறிக்கும் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்பம் எஸ்டேட்டுல ரெண்டு வாள் உண்டு, சாறே” என்றான்.

குளிர்ந்து கிடக்கும் அந்த எஞ்சினைக் கிளப்ப ஒரு முறை உண்டு. முதலில், காற்றை அடைக்கிற சோக்கை முழுதாக மூடிக்கொண்டு இழுக்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது இழுப்பில், தூக்கத்தில் யாரோ இருமியதுபோல ‘புக்’கென்று ஒரே ஒரு சத்தம் வரும். உடனே சோக்கைத் திறந்துவிட்டு இழுத்தால் சீறிக்கொண்டு கிளம்பும். அந்த இருமலைக் கேட்காமல் மூடியபடியே இழுத்தால் போச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே பெட்ரோல் இறங்கி, பிளக் நனைந்து, நாம் எவ்வளவு பாடுபடுகிறோமோ அவ்வளவு மூழ்கும். குடித்து வாந்தியெடுப்பதற்கு மலையாளத்தில் ‘வாள் வைப்பது’ என்று சொல்வார்கள். ஞானதாஸுக்கு அது வசதியாகப் போயிற்று. பிளக்கைக் கழற்றி, மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, வழிகிற பெட்ரோலைக் காட்டி, “பாத்தேளா, வாளு வாளு வச்சிட்டு” என்பான். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பான். வேறு சிரிப்பு அங்கே கிடைக்காது.

அவன் மனைவி ஸ்டெல்லா கல்யாணமாகி இரண்டு மாதம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்துவிட்டு, பேச ஆளில்லாத இந்த மலையில் இருக்க முடியாது என்று பாறசாலைக்கே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் என் அறைக்கு வந்தான். வாரத்துக்கொரு கடிதம் எழுதுவான். ஒருநாள் பதில் வந்தது. எனக்குப் படித்துக் காட்டினான்: ‘சனியாழ்ச்ச காலம்பற வண்டியில வருகேன். ஒருக்கா பாக்கேன். சரிப்படாதுன்னா அதுக்குப் பொறவு என்னைக் கூப்பிடாண்டாம்.’

“வந்தா போகமாட்டா, சாறே” என்றான். அன்றே லைன் வீட்டைத் திறந்து வெள்ளையடித்தான். வெள்ளைக்கும் அந்தக் குளிருக்கும் ஆகாது, காயவே இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். கீழ் வளைவில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறதாம். பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. ஞானதாஸ் லைன் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்ல வாட்ச்மேனை அனுப்பிவிட்டு, ஸ்டோரைத் திறந்து ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன். அவன் வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவன் வாயைப் பிளக்க வேண்டும். இதுதான் என் திட்டம். தினமும் பார்த்த வித்தைதானே?

சோக்கை மூடினேன். இழுத்தேன். மலைக்காற்று மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் இருமல் எப்போது வந்துபோனதென்று தெரியவில்லை. வந்திருக்கும். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். முப்பது முறை இருக்கும். வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். சோக்கைப் பழையபடி திறந்து வைத்துவிட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்தவன்போல மூச்சு வாங்க நின்றேன். மூச்சு மட்டும் நிஜம்.

ஞானதாஸ் புதுச் சட்டையில் ஓடி வந்தான். இரண்டு இழுப்பு இழுத்தான். முகர்ந்தான். பிளக்கைக் கழற்றினான், சொட்டியது.

“சாறே, நீங்க இழுத்துப் பாத்தேளா?”

“இல்லையே.”

என்னையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். வழக்கமான வாள் சிரிப்பு வரவில்லை. புதுச் சட்டையின் நுனியால் பிளக்கைத் துடைத்தான்.

பிளக்கை மாட்டுவதும் இழுப்பதும் கழற்றுவதும் கவிழ்ப்பதுமாக நேரம் போனது. பஸ் வந்து மரத்துக்கு அந்தப்புறம் நின்றது. கொழுந்து பறிக்கிறவர்கள் நாலைந்து பேர் இறங்கி, தூக்குச்சட்டியை இந்தப்பக்கம் நீட்டிக் கொடுத்துவிட்டு, கிளையைப் பிடித்து ஏறி, குதித்து, ஞானதாஸைக் கேலி செய்துகொண்டே போனார்கள். “என்னடே, பொண்டாட்டி வாறதுக்கு ரோட்டுல தோரணமா?” கடைசியாக ஸ்டெல்லா இறங்கினாள். நீலப் புடவை, துணிப்பை. மரம் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. பையை அதன்மேல் வைத்துவிட்டு நின்றாள்.

“பாருங்கோ, ஒரு கை பிடிப்பியளா?”

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்கே கேட்டது.

“ஒரு நிமிசம் நில்லு பிள்ளே, இன்னா ஸ்டார்ட் ஆயிரும்” என்றான் ஞானதாஸ், நிமிராமல். மெஷினை மண்ணில் அழுத்திக் கயிற்றை இழுத்தான்.

அவனுக்கு அந்த வேலை தெரியும். அவள் முன்னால் அந்த மரத்தைத் துண்டாக்கி வழி திறந்துவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. பத்தடி நடந்து போய்க் கை கொடுத்தால் போதும் என்பது அங்கே நின்ற ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. சரியாகச் சொன்னால், எனக்குத் தோன்றியது. அடுத்தவன் மனைவிக்குக் கை கொடுப்பது முறையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனிடமாவது ‘போடா, போய்க் கை கொடு’ என்று சொல்லியிருக்கலாம். பொய் சொன்னவன் அதிகம் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று காலை வரை, வாழ்க்கையில் நான் பேசாமலிருந்த ஒரே சந்தர்ப்பம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கப்போவதாகக் கண்டக்டர் மணியடித்தார். “வண்டி திரிக்கான் போகுவா, கேறானுள்ளவரு கேறிக்கோ!”

ஸ்டெல்லா கொஞ்சநேரம் அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் படியேறினாள்.

பஸ் முன்னும் பின்னுமாக நகர்ந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது ரம்பம் கிளம்பியது. மலை முழுக்கச் சத்தம், நீலப்புகை. ஞானதாஸ் முகமெல்லாம் சிரிப்பாக, மெஷினை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்து அவளுக்குக் காட்டுவதற்காகத் திரும்பினான்.

அதன் பிறகும் அவன் மரத்தை அறுத்தான். துண்டு துண்டாக, எல்லாம் ஒரே நீளத்தில், மத்தியானம் வரை. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

சில மாதங்களில் அவன் கல்ஃபுக்குப் போனான். போகும்போது என் கையைக் குலுக்கினான். அந்தப் புதுச் சட்டையை எனக்கே விட்டுச் சென்றான், பெட்ரோல் கறை போகவில்லையாம். அவன் கட்டிலுக்கு வேறு ஆள் வரவில்லை. நானும் வருஷம் திரும்புவதற்குள் நகரத்தில் ஒரு வேலை கிடைத்து இறங்கிவிட்டேன்.

போன வருஷம் ஒரு டாக்ஸி பிடித்துத் தனியாகப் பொன்முடிக்குப் போனேன். லைன் வீடு நின்ற இடத்தில் காட்டுச்செடி. சாலையோரத்தில் ஒரு சில்வர் ஓக் கூட இல்லை. இறங்கி வரும்போது அந்த வளைவைக் காட்டி டிரைவரிடம், “இங்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது” என்றேன்.

அவர் பிரேக்கில் கால் வைத்து எட்டிப் பார்த்தார். “எவிடே சாறே?”

“இப்போ இல்லை. முப்பது வருஷம் ஆச்சு. ரோடு அடைபட்டுப் போச்சு.”

“ஒருபாடு நேரம் பிளாக் ஆயோ?” ரொம்ப நேரமா என்று கேட்கிறார்.

“பஸ் நின்னது பத்து நிமிஷம் இருக்கும்.”

“ஓ, பத்து மினிட் அல்லே” என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்து வளைவைத் திருப்பினார்.